சனிக்கிழமை போல்ட்

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்
9 அக்டோபர் 2025

மரகதம்,

என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். வெண்பாவுக்குப் போன் பண்ணினால், "அப்பா, ஷி வோன்ட் டாக். யூ வில் ஜஸ்ட் ஷவுட். ரைட் ஹெர் எ லெட்டர். அதுல கத்த முடியாதுன்னு அம்மா சொல்றாங்க" என்கிறாள். பெற்ற மகள் எனக்கு உத்தரவு போடுகிறாள். ஸ்டாம்ப் வாங்க போஸ்ட் ஆபீஸ் வரிசையில் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன். சந்தோஷம்தானே?

விஷயத்துக்கு வருகிறேன். நீ எடுத்துக்கொண்டு போன ஐந்து போல்ட்டுகளையும் திருப்பி அனுப்பு. தாழ்ப்பாள், தாழ்ப்பாள் என்று நீ சொல்கிற அந்தத் துண்டு இல்லாமல் ரைஃபிள் வெறும் இரும்புக் குழாய். சேஃப் நிறைய இப்போது குழாய்கள்தான் நிற்கின்றன.

வெண்பா தவழ்கிற வயதில் நீ போட்ட நிபந்தனைதான் இது. "துப்பாக்கி உங்க சேஃப்ல இருக்கட்டும், தாழ்ப்பாள் என் பீரோவில இருக்கும்" என்றாய். சரி என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் உன்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போயிருக்கிறேன். அந்த நம்பிக்கைக்கு நீ காட்டிய மரியாதையா இது?

நீ செய்தது என்னவென்று உனக்கு இன்னும் புரியவில்லை. இஷாப்பூர் ரைஃபிள், வங்காளத்து ராணுவத் தொழிற்சாலையில் 1943இல் செய்தது. எண்பது வருஷத்து அடி, கீறல், எண்ணெய்க் கறை எல்லாம் அதன் மரக்கட்டையில் இருந்தன. அவை அழுக்கு இல்லை, மரகதம். கட்டையின் வலது பக்கத்தில், கன்னம் வைக்கிற இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அதில் சுட்ட சிப்பாய் இடது கைக்காரன் என்று அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ரேஞ்சுக்குக் கூட வருகிற ராமசுப்ரமணியன் அசந்துபோனார். அதை நீ உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, இரும்பைப் பாத்திரப் பவுடரால் பளபளவென்று துலக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு சரஸ்வதி படத்துக்கு முன்னால் நிறுத்தி வைத்தாய். தேய்த்ததாவது ஒழுங்காக இருக்கிறதா? கோடெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கோணல்மாணலாக ஓடுகிறது. சந்தனம் வைத்த இடத்தில் இப்போது துரு.

சுண்டல் சாப்பிட வந்தவர்கள் முன்னால் கத்தினேன். ஒத்துக்கொள்கிறேன். எவனாக இருந்தாலும் கத்தியிருப்பான். அதற்காக மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போவதா?

போல்ட்டுகளை பபுள் ராப்பில் சுற்றி அனுப்பு. எண்ணெய் தடவ மறக்காதே.

சேனாபதி

*

சான்டா கிளாரா
18 அக்டோபர் 2025

திரு. சேனாபதி அவர்களுக்கு,

இத்தனை வருஷத்தில் உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

கத்தினேன் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். என்ன கத்தினீர்கள் என்று எழுதவில்லை. நான் எழுதுகிறேன். "உன் கை பட்டாலே எல்லாம் நாசம்டி!" ராமசுப்ரமணியன் வீட்டம்மா கையில் சுண்டல் கிண்ணத்தோடு நின்றார். அவர் கிண்ணத்தைக் கீழே வைப்பதா, கையிலேயே வைத்திருப்பதா என்று தெரியாமல் தவித்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

போல்ட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. வெண்பாவின் துணி அலமாரியில், உங்கள் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி வைத்திருக்கிறேன். எண்ணெயும் தடவியாகிவிட்டது. அத்தனை வருஷமும் தடவியது யார்? மறக்காதே என்று எனக்கே பாடம் எடுக்கிறீர்கள்.

ஏன் எடுத்து வந்தேன் என்று கேட்கவே இல்லையே நீங்கள். திருடி என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நானே சொல்கிறேன். வாரத்தில் ஆறு நாள் நீங்கள் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டீர்கள். தட்டைப் பார்த்துச் சாப்பிடுவீர்கள், யூடியூபில் யாரோ வெள்ளைக்காரர் துப்பாக்கியைப் பிரித்து மாட்டுவதைப் பார்ப்பீர்கள். சனிக்கிழமை காலையில் மட்டும் சமையலறை வாசலில் வந்து நின்று, "மரகதம், போல்ட்" என்பீர்கள். நானும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப் போய் எடுத்து வருவேன். என் பெயர் உங்கள் வாயில் வருவது அதற்கு மட்டும்தான்.

அதனால் எடுத்து வந்தேன். இப்போது பாருங்கள், இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். நிச்சயம் பண்ணின பிறகு கூட இவ்வளவு நீளமாக எழுதியதில்லை.

அனுப்ப மாட்டேன்.

மரகதம்

*

ஃபிரிஸ்கோ
27 அக்டோபர் 2025

மரகதம்,

தீபாவளி அன்று காலையில் காப்பி போட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. கோயிலுக்குப் போனேன். பார்க்கிற ஆளெல்லாம் "மிஸஸ் எங்க?" என்று கேட்டார்கள். மகளுக்கு உதவியாகப் போயிருக்கிறாள் என்று ஹனுமான் சந்நிதியிலேயே நின்று பொய் சொன்னேன். இதெல்லாம் உன்னால்.

நவம்பர் 15ஆம் தேதி பழைய ராணுவ ரைஃபிள்களுக்கான மேட்ச் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை வருகிற மேட்ச் என்று உனக்குத் தெரியும். வேலை போன பிறகு நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான். அதுவும் தெரியும். தெரிந்தேதான் செய்கிறாய்.

இன்னொரு போல்ட் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பாய். அப்படியெல்லாம் போட முடியாது. ரைஃபிளின் உடம்பில் ஒரு நம்பர், போல்ட்டில் ஒரு நம்பர், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபேக்டரியில் ஒன்றுக்கொன்று பார்த்து, ராவி, உட்கார வைத்த ஜோடி அது. வேறு போல்ட் உள்ளே போகும், ஆனால் சரியாக உட்காராது. எத்தனை தடவை உனக்குச் சொல்லியிருக்கிறேன்.

யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. நீ அந்த ரைஃபிளைத் தெரியாமல் தேய்க்கவில்லை. வேண்டுமென்றே செய்திருக்கிறாய். அதன் மேல் உனக்கு எப்போதும் ஆகாது. ஐந்தில் அதுதான் எனக்கு உயிர் என்று தெரிந்து, அதைப் பார்த்து எடுத்திருக்கிறாய்.

பின்குறிப்பு: உன் எழுத்து ஏன் இப்படி ஆகிவிட்டது? கோழி கிறுக்கின மாதிரி இருக்கிறது. முத்துமுத்தாக எழுதுவாயே. கோபத்தை எழுத்தில் காட்ட வேண்டியதில்லை. வாசிக்கிறவனுக்குக் கண் வலிக்கிறது.

சேனாபதி

*

சான்டா கிளாரா
4 நவம்பர் 2025

திரு. சேனாபதி அவர்களுக்கு,

வேண்டுமென்றுதான் செய்தேன். நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்கு உங்கள் ஆபீஸ் லேப்டாப்பைத் துடைத்து, பொட்டு வைத்து, சாமிக்கு முன்னால் வைப்போம். ஜூன் மாதம் உங்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். லேப்டாப்பை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு ஆபீஸுக்குத் திருப்பி அனுப்ப நீங்களே யூபிஎஸ் கூரியர் கடையில் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அன்று இரவு நீங்கள் சாப்பிடவில்லை. பூஜைக்கு முந்தின நாள் நான் பலகை கழுவிக்கொண்டிருந்தேன். "இந்த வருஷம் என்ன வைக்கட்டுங்க?" என்று கேட்டேன். நீங்கள் சோபாவில் படுத்துக்கொண்டு சீலிங்கைப் பார்த்தபடி, "என்னத்த வைக்கிறது? என்கிட்ட ஆயுதமே இல்ல" என்றீர்கள்.

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் நீங்கள் பூ வாங்கப் போன நேரத்தில் சேஃபைத் திறந்தேன். உங்களுக்கு உயிரான ஒன்றை எடுக்க வேண்டும் என்றுதான் அதை எடுத்தேன். அழுக்கோடு சாமி முன்னால் வைக்கலாமா? குத்துவிளக்கைத் தேய்க்கிறோம், அருவாமணையைத் தேய்க்கிறோம். தேய்த்தேன். என் கணவருக்கும் ஆயுதம் இருக்கிறது என்று வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பழைய கறையைத் தொடக் கூடாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? ராமசுப்ரமணியனிடம் மணிக்கணக்கில் சொன்னதை என்னிடம் ஒரு நாள் உட்கார்ந்து சொல்லியிருக்கிறீர்களா?

நேற்று வெண்பாவிடம் சிரித்துவிட்டேன். எண்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப் போன ஒரு சிப்பாய் எந்தக் கைக்காரன் என்று உங்க அப்பாவுக்குத் தெரியும்டி என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அம்மா, ஆஸ்க் ஹிம் அபௌட் யுவர் ஹேண்ட்" என்றாள்.

நல்ல யோசனை. கேட்கிறேன். போன வருஷம் ஹனுமானுக்கு வடைமாலைக்காக வீட்டில் வடை சுடும்போது எண்ணெய்ச் சட்டி சாய்ந்தது. நீங்கள் ரேஞ்சில் இருந்தீர்கள். ராமசுப்ரமணியன் வீட்டம்மாதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அந்தத் தழும்பு என் எந்தக் கையில் இருக்கிறது?

வலதா, இடதா, அவ்வளவுதான். சரியாக எழுதுங்கள், ஐந்தையும் அடுத்த நாளே அனுப்புகிறேன். வெண்பாவிடம் கேட்டால் சொல்ல மாட்டாள். கேட்கவும் மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு ரோஷம் உண்டு.

மரகதம்

*

ஃபிரிஸ்கோ
10 நவம்பர் 2025

மரகதம்,

பரீட்சை எழுத நான் பள்ளிக்கூடப் பையன் இல்லை.

"ஆயுதம் இல்லை" என்று நான் சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தாலும், வேலை போனவன் ஆயிரம் புலம்புவான். அதைப் பிடித்துக்கொண்டு நாடகம் நடத்துவதா? உனக்குக் கை வெந்தது தெரியும். கட்டுப் போட்டிருந்தாய். ஆறிவிட்டதா என்று கேட்டேன், ஆறிவிட்டது என்றாய். வேறென்ன செய்யச் சொல்கிறாய்?

உன் போல்ட்டுகளை நீயே வைத்துப் பொங்கல் வை. டல்லாஸில் துப்பாக்கி விற்கிற கன் ஷோவில் இஷாப்பூருக்கு ஒரு போல்ட் கிடைத்துவிட்டது. நம்பர் வேறுதான். ஆனால் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. ராமசுப்ரமணியன் வழக்கம்போலப் பயமுறுத்தினார். "சார், கன்ஸ்மித்கிட்ட குடுத்து அளவு பார்த்துருங்க. தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல கேப் இருந்தா பின்னாடி வெடிக்கும் சார்" என்றார். துப்பாக்கி ரிப்பேர் பண்ணுகிற அந்த கன்ஸ்மித் மூன்று வாரம் கேட்கிறான். மேட்ச் சனிக்கிழமை. எனக்கு இதெல்லாம் இன்றைக்கு நேற்றைக்குப் பழக்கமா?

நீ நாசமாக்கிய அந்த ரைஃபிளை எடுத்துக்கொண்டுதான் போகிறேன். நீ இல்லாமலும் அது சுடும்.

சேனாபதி

*

சான்டா கிளாரா
19 நவம்பர் 2025

உங்களுக்கு,

ராமசுப்ரமணியன் வீட்டம்மா போன் பண்ணினார். "மரகதம், பதறாத, உசிருக்கு ஒண்ணுமில்ல" என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. வெண்பா போனை வாங்கிக் கேட்டுச் சொன்னாள்.

மூன்றாவது தோட்டாவிலேயே பித்தளை உறை கிழிந்து, சூடும் தகடுமாகப் பின்னால் அடித்ததாம். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியதாம். வலது கை கிழிந்து தையலாம். கன்னத்திலும் காயமாம். ரத்தத்தோடு நின்றுகொண்டு "என் வைஃபுக்குச் சொல்லாதீங்க" என்றீர்களாம். எனக்குச் சொல்லக் கூடாது என்கிற அளவுக்கு நான் என்ன ஆகிவிட்டேன் உங்களுக்கு?

வேறு போல்ட் உள்ளே போகும், சரியாக உட்காராது. இது யார் எழுதியது? உங்கள் கடிதம் என் முன்னால்தான் இருக்கிறது. படித்தவர், இன்ஜினியர், அத்தனை வருஷமாகப் பழகியவர், அளவு பார்க்காமல் கன்னத்தில் வைத்துச் சுட்டீர்கள். யாரைத் தோற்கடிக்க? என்னைத்தானே?

எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. கோபமா, பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கே போல்ட்டை அனுப்பித் தொலைத்திருக்கலாம் என்று ஒரு நேரம் அழுகிறேன். எதற்கு நான் அழ வேண்டும் என்று அடுத்த நேரம் தோன்றுகிறது.

பிளாக்கை எடுத்துவிட்டேன். போன் பண்ண வேண்டும் என்று இல்லை. கையை நனைக்காதீர்கள். பாத்திரத்தை அப்படியே போட்டு வையுங்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

மரகதம்

*

ஃபிரிஸ்கோ
3 டிசம்பர் 2025

அன்புள்ள மரகதம்,

போன் எடுத்தேன். நம்பரை அழுத்தவும் செய்தேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். குரலில் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

வலது கையில் கட்டு. இடது கையால் இந்த ஒரு பக்கத்தை எழுத ஒரு காலைப் பொழுது ஆகிவிட்டது. படிக்கக் கஷ்டமாக இருக்கும். என் எழுத்தும் இப்போது உன் எழுத்து மாதிரியே இருக்கிறது, பார்த்தாயா? கோழி கிறுக்கினது என்று உன்னைச் சொன்னேன். எனக்கும் அதே கோழி.

சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. தோசையைப் பிய்க்க முடியவில்லை. சாவியைத் திருப்ப முடியவில்லை. ஒரு கை இல்லாமல் மனுஷன் எப்படித்தான் காலம் தள்ளுவான் என்று நேற்று ராமசுப்ரமணியனிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆயுதம் இல்லை என்று நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்த அன்றே ஞாபகம் வந்தது. ஆனாலும் ஞாபகம் இல்லை என்று உனக்கு எழுதினேன்.

மேட்ச்சும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். போல்ட்டுகளை அனுப்பாதே. உன்னிடமே இருக்கட்டும். தையல் பிரித்ததும் ஒரு சனிக்கிழமை நான் அங்கே வருகிறேன். சமையலறை வாசலில் வந்து நிற்கிறேன். உன் முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். கொடுக்காவிட்டால் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வருகிறேன்.

நீ கேட்ட கேள்விக்கும் பதில் எழுதிவிடுகிறேன். வெண்பாவிடம் கேட்கவில்லை. நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். கட்டுப் போட்டிருந்த கை எது என்று ஞாபகம் இல்லை, அது என் தப்புதான். ஆனால் ஒன்று தெரியும். வருஷக்கணக்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ எனக்கு போல்ட்டை எடுத்து நீட்டியிருக்கிறாய். நீ எதையும் யாருக்கும் இடது கையால் கொடுக்க மாட்டாய். வலது கையால்தான் கொடுத்திருப்பாய். அதில் தழும்பு இருந்திருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும். படவில்லை.

ஆகவே இடது கை. சரிதானே?

அன்புடன்,
சேனாபதி

*

சான்டா கிளாரா
12 டிசம்பர் 2025

உங்களுக்கு,

உங்கள் கடிதம் இடது கையால் எழுதியது என்று முதல் வரியைப் பார்த்ததுமே தெரிந்தது. ஆரம்பத்தில் எழுத்து அப்படித்தான் வரும். வரி மேலே மேலே ஏறும். தாளைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டால் நேராக வரும். எனக்கு அது பிடிபட ஆறு மாதம் ஆனது.

தழும்பு வலது கையில்.

உள்ளங்கையிலிருந்து இரண்டு விரல்களின் நுனி வரை இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்த இரண்டு விரல்களும் மடங்காது. பேனா நிற்காது. போன வருஷத்திலிருந்து நான் எழுதுவது, நறுக்குவது, பூட்டைத் திறப்பது எல்லாம் இடது கையால்தான். உங்கள் ரைஃபிளைத் தேய்த்ததும் அந்தக் கையால்தான். கோடெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று நீங்களே கண்டுபிடித்து எழுதினீர்கள். உங்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது.

வெண்பா சின்னப் பிள்ளையில் பிரசாதத்தை இடது கையால் நீட்டினால், "எந்தக் கையில குடுக்கிற?" என்று அதட்டுவீர்கள். நானும் பயந்துகொண்டேதான் முதல் சனிக்கிழமை போல்ட்டை இடது கையால் நீட்டினேன். திட்டுவீர்கள், திட்டினால் வலது கையைக் காட்டலாம் என்று இருந்தேன். நீங்கள் துணியைப் பிரித்து, நம்பரைப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனீர்கள். அடுத்த வாரமும் அப்படியே. ஒரு வருஷமாக உங்களுக்கு இடது கையால்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் பதில் தெரியாது என்று எழுதியிருந்தால்கூட நான் ஒருவேளை காப்பி போட்டு வைத்திருப்பேன். ஆனால் என்னை இவ்வளவு நன்றாகத் தெரியும் என்று நம்பிக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு உங்கள் எதிரில் உட்கார எனக்குத் தெம்பு இல்லை.

உங்களுக்குக் கை சரியாகிவிடும். டாக்டர் விரலை மடக்கச் சொல்லிப் பயிற்சி கொடுப்பார். வலித்தாலும் விடாமல் செய்யுங்கள். எனக்குச் செய்ய நேரம் இருக்கவில்லை.

இங்கே ஒரு மளிகைக் கடையில் பில் போடுகிறேன். கடைக்காரர் ஸ்ரீநிவாசன் முதல் நாளே, "என்னம்மா, லெஃப்ட் ஹேண்டா?" என்று கேட்டார். மெஷினைத் திருப்பி எனக்கு வாகாக வைத்துக் கொடுத்தார். நான் பின்பக்கம் போய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

ஐந்து போல்ட்டுகளும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. தனித்தனியாகச் சுற்றியிருக்கிறேன். எண்ணெய் தடவியிருக்கிறேன். எதற்கு எது என்று நம்பர் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை வர வேண்டாம். என்னிடம் கேட்டு வாங்க இனி உங்களுக்கு ஒன்றும் இல்லை.

மரகதம்